பிரதமர் எதற்காக வெளிநாடு போகிறார்?

 

"பிரதமர் வெளிநாட்டுப் பயணம்." செய்தித்தாளில் இந்தத் தலைப்பை அடிக்கடி பார்க்கிறோம். முன்பு யாராவது படித்துச் சொல்லக் கேட்டோம். இப்போது நாமே படிக்கிறோம். படித்ததும் இரண்டு விதமாகப் பேசுகிறோம். "ஊர் சுற்றப் போய்விட்டார்" என்கிறார் ஒருவர். "நாட்டுக்கு எவ்வளவு பெருமை!" என்கிறார் இன்னொருவர். இரண்டுமே அவசரப் பேச்சு. போன காரியம் என்ன? அது நடந்ததா? இதைப் பார்த்த பிறகுதான் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஊரில் வரப்புத் தகராறு வந்தால் என்ன செய்கிறோம்? ஆள் விட்டுச் சொல்லிப் பார்க்கிறோம். முடியாவிட்டால் நேரில் போய் உட்கார்ந்து பேசுகிறோம். நாடுகளுக்கும் அப்படித்தான். எல்லை, ஆற்றுநீர், வியாபாரம், வெளிநாட்டில் வேலை செய்யும் நம் மக்களின் பாதுகாப்பு என்று பேச வேண்டியவை நிறைய உண்டு. முதலில் அதிகாரிகள் பேசுவார்கள். தூதர்கள் பேசுவார்கள். அவர்களால் முடியாத இடத்தில் பிரதமர் பேச வேண்டும். அவர் கொடுக்கும் வாக்கு நம் எல்லோர் சார்பிலும் கொடுக்கும் வாக்கு.

நடந்த மூன்று பயணங்களைச் சொல்கிறேன். கேளுங்கள்.

முதல் பயணம் தாஷ்கண்ட் பயணம். 1965-ல் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் நடந்தது. செப்டம்பர் 23-ல் சண்டை நின்றது. ஆனால் படைகள் திரும்பவில்லை. அவர்கள் மண்ணில் நம் படை நின்றது. நம் மண்ணில் அவர்கள் படை நின்றது. இரு நாடுகளையும் பேச வரும்படி சோவியத் நாடு அழைத்தது. 1966 ஜனவரியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்ட் நகருக்குப் போனார். இன்று அது உஸ்பெகிஸ்தானின் தலைநகரம். ஜனவரி 10-ல் ஒப்பந்தம் ஆயிற்று. இரு படைகளும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது முடிவு. காஷ்மீரில் ஹாஜி பீர் கணவாயை நம் வீரர்கள் உயிரைக் கொடுத்துப் பிடித்திருந்தார்கள். அதையும் விட வேண்டியதாயிற்று. நாட்டில் பலருக்கு அது மனக்கசப்புதான். ஆனால் நம் மண்ணும் நம்மிடம் திரும்பியது. சிறைப்பட்ட வீரர்கள் வீடு திரும்பவும் வழி பிறந்தது. சாஸ்திரி மட்டும் உயிரோடு திரும்பவில்லை. கையெழுத்திட்ட அன்று இரவே, விடிவதற்கு முன், அந்த ஊரிலேயே காலமானார்.

இரண்டாவது, 1971-ல் நடந்தது. அப்போது வங்கதேசம் தனி நாடு இல்லை. கிழக்குப் பாகிஸ்தான் என்று பெயர். மார்ச் மாதம் அங்கே பாகிஸ்தான் ராணுவம் மக்களைக் கொல்லத் தொடங்கியது. உயிருக்குப் பயந்து மக்கள் எல்லை தாண்டி நம் நாட்டுக்கு ஓடி வந்தார்கள். நூறு பேர், ஆயிரம் பேர் இல்லை. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர்! மேற்கு வங்காளத்திலும் திரிபுராவிலும் முகாம்கள் நிரம்பி வழிந்தன. காலரா நோயும் பரவியது. இத்தனை பேருக்கு எத்தனை நாள் சோறு போட முடியும்? அவர்கள் அச்சமில்லாமல் ஊர் திரும்ப வேண்டாமா?

இதைச் சொல்லத்தான் பிரதமர் இந்திரா காந்தி அக்டோபர் கடைசியில் புறப்பட்டார். மூன்று வாரத்தில் பெல்ஜியம், ஆஸ்திரியா, பிரிட்டன், அமெரிக்கா, பிரான்சு, மேற்கு ஜெர்மனி ஆகிய ஆறு நாடுகளுக்குப் போனார். அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் அவர் பேச்சுக்கு இணங்கவில்லை. பாகிஸ்தான் பக்கமே நின்றார். அப்படியானால் பயணம் வீணா? இல்லை. இந்தியா முதலில் பேசித்தான் பார்த்தது என்பதை உலகம் கண்டது. டிசம்பர் 3-ல் போர் மூண்டது. 16-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. வங்கதேசம் விடுதலை பெற்றது. அடுத்த சில மாதங்களில் அகதிகள் தங்கள் ஊருக்குத் திரும்பினார்கள்.

மூன்றாவது, சீனப் பயணம். 1954-ல் நேரு போனார். 1962-ல் போர் வந்தது. பிறகு நம் பிரதமர் யாரும் அங்கே போகவில்லை. 34 ஆண்டு கழித்து, 1988 டிசம்பரில் ராஜீவ் காந்தி போனார். அடைத்த கதவு திறந்தது. 1993-ல் நரசிம்ம ராவ் போனபோது, எல்லையில் அமைதி காக்க ஒப்பந்தம் ஆயிற்று. ஆனாலும் 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் மோதல் நடந்தது. நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். ஒரு கைகுலுக்கலில் எல்லாம் முடிந்துவிடாது என்பதை இது காட்டுகிறது.

சரி, இந்தப் பயணங்களுக்குச் செலவு யாருடையது? நம்முடையது. நாம் வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் வரி இருக்கிறது. அந்தப் பணத்தில்தான் விமானம் பறக்கிறது. ஆகவே கணக்குக் கேட்பது தவறில்லை. நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் இதைக் கேட்கிறார்கள். அரசு பதில் சொல்கிறது. நாமும் கேட்கலாம். 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 10 ரூபாய் கட்டணத்துடன் ஒரு விண்ணப்பம் எழுதினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். பாதுகாப்பைப் பற்றியவை போன்ற சில விவரங்களைத் தர மறுக்கலாம்.

ஆனால் செலவுக் கணக்கு பாதிக் கணக்குதான். பலன் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்த முறை அந்தத் தலைப்பைப் பார்த்தால், படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். செய்தியைக் கடைசி வரி வரை படியுங்கள். எந்த நாடு? எதற்காக? என்ன கையெழுத்தானது? நாம் எதைக் கொடுத்தோம், எதைப் பெற்றோம்? ஓர் ஆண்டு கழித்து இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: சொன்னது நடந்ததா?

எந்தக் கட்சிப் பிரதமர் போனாலும் கேள்விகள் இவைதான். ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் நாம். கேட்கும் உரிமையும் நமக்கே உண்டு.