பணம் கிண்ணம் தரும். மண்தான் பெயர் தரும்



ஒரு காற்பந்துக் குழுவை வாழவைப்பது பணமா, மண்ணா? எதிரணி நண்பர்கள் ஜேடிடி எனும் ஜொகூர் டாருல் தாக்ஸிம் குழுவைக் காட்டி, "பணமே" என்று அடித்துச் சொன்னார்கள்.

அவர்கள் சொன்ன கணக்கு பொய்யில்லை. 2012-ல் துங்கு இஸ்மாயில் ஜொகூர் காற்பந்துச் சங்கத்தின் தலைவரானார். 2013-ல் குழு புதுப்பிறவி எடுத்தது. ஸ்பெயினின் டேனி கூய்ஸா வந்தார்; அர்ஜெண்டினாவின் பாப்லோ அய்மார் வந்தார். 2014 முதல் 2024–25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை லீக் பட்டம். 2020-ல் இஸ்கண்டார் புத்ரியில் சுல்தான் இப்ராஹிம் அரங்கம். பணமில்லாமல் இது நடக்குமா? நடக்காது.

ஆனால், அந்த நட்சத்திரங்கள் இருவரும் நெடுநாள் தங்கவில்லையே! அவர்கள் போனபின்தான், 2015 அக்டோபர் 31-ல், தஜிகிஸ்தானின் டுஷான்பேயில் இஸ்திக்லோல் குழுவை 1–0 என வென்று ஏஎஃப்சி கிண்ணத்தை ஏந்தியது ஜேடிடி. அந்தக் கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசியக் குழு அதுதான். 2010-ல் ஆசியான் கிண்ணம் வென்ற மலேசியக் குழுவில் இருந்த நம் எஸ். குணாளனும் பின்னாளில் ஜேடிடியின் சீருடை அணிந்தார்.

2013-க்கு முன் ஜொகூரில் காற்பந்தே இல்லையா? 1985-ல் மலேசியக் கிண்ணம் ஜொகூருக்கு வந்தது. 1991-ல் லீக் பட்டமும் மலேசியக் கிண்ணமும் ஒரே ஆண்டில் வந்தன. அன்று கைதட்டிய தகப்பனின் பிள்ளைதான் இன்று அரங்கில் நிற்கிறான். அந்தக் கைதட்டலை எந்தக் கடையில் வாங்க முடியும்?

பெயரையே பாருங்கள். டாருல் தாக்ஸிம் என்பது ஜொகூர் மாநிலத்தின் சிறப்புப் பெயர். கண்ணியத்தின் உறைவிடம் என்று பொருள். கொடுத்த பணத்துக்கு முதலாளியின் பெயரை வைக்கவில்லை. மண்ணின் பெயரை வைத்தார்கள். "தென்னகப் புலிகள்" என்ற பட்டமும் திசையைச் சொல்கிறதே தவிர, விலையைச் சொல்லவில்லை.

கடைசியாக, இந்த உலு திராம் ஊருக்கு ஒரு கேள்வி. தோட்டம் இருந்த காலத்தில் வேலை முடிந்ததும் திடலில் பந்து உருளும். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி வருகின்றன. பிள்ளைக்குச் சீருடை வாங்கித் தரும் பெற்றோர், மாலையில் அவனைத் திடலுக்கு அனுப்புகிறார்களா? டியூஷனுக்கு அல்லவா அனுப்புகிறார்கள்! திடலில் கால் பதிக்காத பிள்ளைக்கு அந்தச் சீருடை வெறும் துணிதான்.

பணம் விதை வாங்கும். முளைக்க வைப்பது மண். தீர்ப்பு மண்ணுக்கே!