கல்யாண லைவில் வித்துவான் பெயர் எங்கே?

(பொங்கல் விழா மாலையில் நம் குடியிருப்பு ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம்)



"இசைக் கலைஞர்களும் சமூக ஊடகமும்" என்று செயலாளர் தலைப்புக் கொடுத்தார். எனக்கு இசை தெரியாது. தோடிக்கும் கல்யாணிக்கும் வித்தியாசம் கேட்டால் முழிப்பேன். பி.காம். படித்து, பேங்கில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவன். ஆனால் டெபாசிட் சேர்க்க ஊர் ஊராகப் போயிருக்கிறேன். பூ மார்க்கெட்டில் விடிகாலையில் நின்று கணக்கு ஆரம்பிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முன்பின் தெரியாதவரை நம்பி வரவைப்பது எப்படி என்பது கொஞ்சம் தெரியும். லைவ் நிகழ்ச்சிக்கு ஆள் சேர்ப்பதும் அதே வேலைதான்.

பெரிய பாடகர்களைப் பற்றிப் பேசப் போவதில்லை. அவர்களுக்கு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள வசதி இருக்கிறது. நம் பிள்ளையார் கோயிலுக்கு வந்து வாசிக்கும் நாதஸ்வரக் கலைஞரை உங்களுக்கெல்லாம் தெரியும். கவுண்டரில் நான் உட்கார்ந்திருந்த காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். அவர் ஒரு நாள் கேட்டார்: "சார், செண்டை மேளம் வந்துருச்சு, டி.ஜே. வந்துருச்சு. முகூர்த்தத்துக்கு மட்டும் எங்களைக் கூப்பிடுறாங்க. யூடியூப்ல வாசிச்சா யாராச்சும் கேப்பாங்களா?"

நான் அவரிடம் சொன்னது இதுதான். "நீங்க ஏற்கெனவே லைவ்லதான் இருக்கீங்க. உங்க பேருதான் இல்ல."

யோசித்துப் பாருங்கள். இன்று நிலக்கோட்டையில் எந்த மண்டபத்துக் கல்யாணம் என்றாலும் வீடியோக்காரர் லைவ் லிங்க் அனுப்பிவிடுகிறார். துபாயில் இருக்கும் சித்தப்பா பார்க்கிறார், சிங்கப்பூரில் இருக்கும் மச்சினன் பார்க்கிறான். காலை முழுக்க அதில் கேட்பது நாதஸ்வரமும் தவிலும்தான். ஆனால் வீடியோவுக்குக் கீழே படித்துப் பாருங்கள். ஸ்டுடியோ பெயர் இருக்கும், அவர்களுடைய போன் நம்பர் இருக்கும், "டிரோன் வசதி உண்டு" என்றுகூட இருக்கும். வாசித்தவர் பெயர் இருக்காது. வள்ளி திருமணம் நாடகமும் அப்படித்தான். நம் பக்கத்துத் திருவிழாக்களில் ராத்திரி முழுக்க நடக்கிற நாடகத்தை யாரோ ஒருவர் சேனலில் போடுகிறார். ஆர்மோனியக்காரர் யார், மிருதங்கம் யார் என்று பல வீடியோக்களில் தெரிவதில்லை. கூட்டம் சேனல்காரர் கணக்கில் வரவு ஆகிறது.

'தில்லானா மோகனாம்பாள்' 1968-ல் வந்தது. திரையில் வாசித்தது சிவாஜி. ஆனால் அந்த நாதம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது என்று இன்றைக்கும் சொல்கிறோமே! பெயர் போய்ச் சேர்ந்தால் போதும், கச்சேரி தானாகத் தேடி வரும்.

சரி, லைவுக்கு ஜனங்கள் ஏன் வருகிறார்கள்? பதிவு செய்த பாட்டு ஆயிரக்கணக்கில் கிடக்கிறதே, அதைக் கேட்டுவிட்டுப் போகலாம் அல்லவா?

2020 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கு. மதுரையில் சித்திரைத் திருவிழா இல்லை. மீனாட்சி திருக்கல்யாணத்தை மட்டும் மே 4-ஆம் தேதி பக்தர்கள் இல்லாமல் நடத்தி இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். வீட்டில் பெண்கள் குளித்து, விளக்கேற்றி, போன் முன்னால் உட்கார்ந்து, சாமிக்குத் தாலி கட்டும் நேரத்தில் தங்கள் தாலிக் கயிற்றை மாற்றிக்கொண்டார்கள். மறுநாள் அதே வீடியோவைப் பார்த்தால் அது வெறும் வீடியோ. முன்கூட்டியே தெரிந்த நேரம் ஒன்று, அந்த நேரத்தில் நமக்கும் செய்ய ஒரு காரியம், இந்த இரண்டும் இருந்தால் ஆள் வரும்.

அந்த வருஷம் டிசம்பரில் சென்னை மியூசிக் அகாடமியும் ஆன்லைனில்தான் விழா நடத்தியது. சபாக்களின் கூட்டமைப்பு டிக்கெட் வைத்து ஆன்லைன் மார்கழி நடத்தியது. ஆனால் கொரோனாவுக்கு முன்பிருந்தே விடாமல் இதைச் செய்து வருகிறவர்கள் என்றால் பரிவாதினியைச் சொல்ல வேண்டும். எழுத்தாளர் லலிதாராம் முன்னின்று நடத்தும் அறக்கட்டளை. சென்னைக் கச்சேரிகளை யூடியூபில் நேரலையாகத் தருகிறார்கள். நாதஸ்வரத்துக்கும் இடம் கொடுக்கிறார்கள். மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து பெயரில், வாத்தியம் செய்யும் கைவினைஞர்களுக்கு விருது தருகிறார்கள். பக்கவாத்தியக்காரர் பெயரையும் விட்டுவிடாமல் போடுவது எனக்குப் பிடித்த வழக்கம்.

இனி செய்முறைக்கு வருகிறேன்.

முதலில் நாள். பேங்கில் ஆர்.டி. கட்டுகிறவர் மாதம் ஒரே தேதியில் கட்டுவார். ஐந்நூறு ரூபாய்தான், ஆனால் தவறாது. லைவும் அப்படித்தான் இருக்க வேண்டும். நம் வித்துவானிடம் மாதத்தில் இரண்டு ஞாயிறு, மாலை ஆறரை மணி, நாற்பது நிமிஷம் என்று சொன்னேன். முகூர்த்த மாதத்தில் ஒரு ஞாயிறு போதும். நாள் மாற்றவே கூடாது. முதல் லைவில் பதினோரு பேர் இருந்தார்கள், அதில் நாலு பேர் அவர் வீட்டுக்காரர்கள். அதைப் பார்த்து அவருக்கு முகம் வாடிவிட்டது. பதினோரு பேர் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் சந்தோஷப்படுவீர்களா இல்லையா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

ஆறரை மணி என்றதற்குக் கணக்கு உண்டு. இங்கே ஆறரை என்றால் துபாயில் மாலை ஐந்து, சிங்கப்பூரில் இரவு ஒன்பது. இப்போதைய குளிர்காலக் கணக்கில் லண்டனில் பகல் ஒன்று, நியூயார்க், டொராண்டோவில் காலை எட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்துக்கொண்டே கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் நம் நேரமேதான். இது முக்கியம். தவிலுக்கு யாழ்ப்பாணம் போல ரசிகர்கள் வேறெங்கும் கிடைப்பது அரிது. இணுவில் தட்சிணாமூர்த்தி பிறந்த மண். அந்த ஊர்க்காரர்கள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். நிலக்கோட்டையில் கேட்க ஆளில்லை என்று வருத்தப்படுகிற தவிலுக்கு, அங்கே காது தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

அடுத்தது வாட்ஸ்அப். யூடியூப் தானாகக் கொண்டு வந்து சேர்க்கும் என்று இருக்கக் கூடாது. ஆரம்பத்தில் ஒவ்வொருவராகத்தான் கூப்பிட வேண்டும். பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேரைப் போடலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அந்தச் செய்தி போகும். பலருக்கு இது தெரியாது. அனுப்பிவிட்டு, "ஒருத்தரும் பதில் போடலையே" என்று உட்கார்ந்திருப்பார்கள். அதனால் கல்யாணத்தில் யாராவது வந்து "அருமையா வாசிச்சீங்க" என்று சொன்னால், விசிட்டிங் கார்டு கொடுத்தால் மட்டும் போதாது. அங்கேயே அவர் போனில் நம்பரைப் பதியச் சொல்ல வேண்டும். யூடியூபில் லைவை முன்கூட்டியே ஷெட்யூல் செய்தால் லிங்க் அப்போதே கிடைத்துவிடும். மூன்று நாள் முன்னால் ஒரு தடவை, அன்று காலையில் ஒரு தடவை அனுப்பினால் போதும். தினமும் குட்மார்னிங் படம் அனுப்பினால் மியூட் செய்துவிடுவார்கள். (இங்கேயும் சிலருக்கு இது பொருந்தும், பெயர் சொல்ல மாட்டேன்.)

அடுத்தது ஷார்ட்ஸ். முடிந்த லைவிலிருந்து நன்றாக வந்த அரை நிமிஷத்தை வெட்டிப் போடலாம். இப்போது மூன்று நிமிஷம் வரை போக முடியும், ஆனால் தெரியாத ஆளை நிறுத்த அரை நிமிஷமே அதிகம். அதில் எழுத்தில் இரண்டே விஷயம்: வாசிப்பவர் பெயர், அடுத்த லைவ் தேதி. தவில் தீர்மானம் வைக்கிற இடம் நன்றாக எடுபடுகிறது.

எந்தத் தளம் என்று கேட்பீர்கள். போனிலிருந்து யூடியூப் லைவ் போக 50 சப்ஸ்கிரைபர் வேண்டும். முதல் தடவை அனுமதி வர 24 மணி நேரம் வரை ஆகலாம், அதனால் முதல் நாளே தயார் செய்யுங்கள். இன்ஸ்டாகிராமில் 2025 ஆகஸ்டிலிருந்து ஆயிரம் ஃபாலோயர் இருந்தால்தான் லைவ். ஃபேஸ்புக் லைவ் வீடியோ 30 நாளில் அழிந்துவிடும். யூடியூபில் 12 மணி நேரத்துக்குள் முடிந்த லைவ் அப்படியே சேனலில் தங்கும். ஆரம்பிப்பவருக்கு யூடியூப்தான் என்பது என் கருத்து. மற்றவை ஊர்வலம் போகிற தெரு மாதிரி. கச்சேரி மண்டபம் ஒன்று போதும்.

ஒலி விஷயத்தில் நாதஸ்வரம் தனி ரகம். அது திறந்த வெளிக்கென்று செய்த வாத்தியம். போனைப் பக்கத்தில் வைத்தால் கரகரவென்று உடைந்துவிடும். பத்து, பன்னிரண்டு அடி தள்ளி வைத்துப் பார்த்தோம், தெளிவாக வந்தது. தவிலுக்கு நேர் எதிரே வைக்காதீர்கள். நடுவில் போன் வந்தால் லைவ் அறுந்து போகலாம், அதனால் அந்த போனுக்கு யாரும் கூப்பிடாதபடி செய்துவிட வேண்டும். 720 தரத்தில் அனுப்ப அப்லோடு சுமார் 4 எம்.பி.பி.எஸ். தேவை. கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜி.பி. ஆகிறது. தினம் 2 ஜி.பி. பேக் போட்டவருக்கு அன்றைய பங்கு அதிலேயே முடிந்தது. திருவிழாக் கூட்டத்தில் எல்லார் கையிலும் போன் இருக்கும், டவர் திணறும். அங்கே லைவ் வேண்டாம், பதிவு செய்து பிறகு போடலாம்.

இலங்கை வானொலியில் நேயர் பெயர் வாசிப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு பாட்டுக்கு இருபது பெயர். தன் பெயர் வருகிறதா என்று கேட்கவே ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். லைவில் சாட்டில் எழுதுகிறவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் அடுத்த தடவையும் வருவார். ஆனால் நாதஸ்வரம் ஊதுகிறவர் எப்படிப் பேசுவது? தவில் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது அவர் சும்மாதானே இருக்கிறார், அப்போது சாட்டைப் பார்த்துக்கொள்ளலாம். தனி முடிந்ததும் மகள் மைக்கைப் பிடித்து, டொராண்டோவிலிருந்து இன்னார், வத்தலக்குண்டிலிருந்து இன்னார் என்று வாசிப்பாள். அந்தப் பெண் வந்த பிறகுதான் லைவுக்குக் களை வந்தது.

சினிமாப் பாட்டு பற்றி ஒரு எச்சரிக்கை. கல்யாண மண்டபத்தில் வாசிக்கச் சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. யூடியூபில் இருக்கிற மெஷினுக்கு அது தெரியாது. உரிமைக்காரர் கோரினால் சத்தத்தை அணைக்கும், அல்லது வருமானம் அவருக்குப் போகும். தியாகராஜர் 1847-ல் சமாதி அடைந்தவர், அவர் கிருதிகளுக்குத் தடையில்லை. நம் சட்டத்தில் எழுதியவர் இறந்து 60 வருஷம் வரை உரிமை உண்டு. பாபநாசம் சிவன் காலமானது 1973, அவர் பாடல்களுக்கு 2033 முடிய அந்தக் கணக்கு. பாரதியார் பாடல்களை 1949-லேயே அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது, தைரியமாக வாசிக்கலாம்.

இப்போது என் துறை. "ஆயிரம் ரூபாய் கொடுங்க, ஆயிரம் சப்ஸ்கிரைபர் தர்றோம்" என்று விளம்பரம் வரும். பேங்கில் மார்ச் 31-ஆம் தேதி டார்கெட்டுக்காக டெபாசிட் கொண்டு வருவார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் அது எழுந்து போய்விடும். லெட்ஜரில் அழகாக இருக்கும், பெட்டியில் பணம் இருக்காது. காசு கொடுத்து வாங்கிய சப்ஸ்கிரைபரும் அப்படித்தான். யூடியூப் கண்டுபிடித்து நீக்கியும் விடும்.

பணம் வருமா என்றால், யூடியூப் விளம்பர வருமானத்துக்கு 1000 சப்ஸ்கிரைபரும் ஒரு வருஷத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதை நம்பி யாரும் தொழிலை விட வேண்டாம். திரையில் ஒரு ஓரத்தில் யு.பி.ஐ. கியூஆர் வைக்கலாம். சூப்பர் சாட்டில் யூடியூப் 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும், கியூஆரில் வருவது முழுசாக வரும். ஒன்று மட்டும் வீட்டில் எல்லோரும் மனதில் வையுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போடவே வேண்டாம். "அன்பளிப்பு அனுப்புறேன், பின் போடுங்க" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

நம் வித்துவானுக்கு லைவில் இருந்து வந்த பெரிய வரவு பணமில்லை. போன மாதம் மதுரைப் பக்கம் ஒரு வளைகாப்புக்குக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டு அம்மா லைவில் கேட்டவர். முகூர்த்தத்துக்கு மட்டும் இல்லை, முழு மாலைக் கச்சேரி. பத்து வருஷமாக அப்படி ஒரு அழைப்பு வந்ததில்லை என்றார்.

நம்மால் ஆகக்கூடியது ஒன்று இருக்கிறது. வைகாசியில் இந்தக் குடியிருப்பில் மூன்று கல்யாணம். வீடியோக்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: லைவ் லிங்க்குக் கீழே நாதஸ்வரம் இன்னார், தவில் இன்னார், ஊர், போன் நம்பர் என்று போட வேண்டும், கலைஞரிடம் கேட்டுக்கொண்டு. அதற்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. வாசலில் மேஜை மேல் ஒரு நோட்டு இருக்கிறது. அடுத்த ஞாயிறு ஆறரை மணி லைவுக்கு லிங்க் வேண்டுபவர்கள் நம்பர் எழுதுங்கள். அந்தப் பக்கத்தின் மேலே அவர் நம்பரும் இருக்கிறது, உங்கள் போனில் பதிந்துகொண்டு போங்கள்.