பெயரில் நிற்கும் ஊர்: சுவா சூ காங்



கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிவந்து பயணநூல் எழுதியவர் பௌசானியாஸ். பனோப்பியஸ் என்னும் சிற்றூரைக் கண்டபோது, இதனை நகரம் என்னலாமா என்று அவர் ஐயுற்றார். அங்கே அரசு மன்றமில்லை, நாடக அரங்கமில்லை, சந்தைவெளியுமில்லை. ஆயினும் அவ்வூருக்கு எல்லை உண்டென்பதையும், வட்டாரப் பேரவைக்கு அது பேராளர்களை அனுப்பியதையும், தம் முன்னோர் வேறு குடியினர் என்று ஊரார் சொல்லிக்கொண்டதையும் அவர் எழுதிவைத்தார். பனோப்பியஸை நாம் இன்று அறிய அக்குறிப்பு உதவுகிறது.

நம் சுவா சூ காங்கிலும் கோட்டையில்லை, கொத்தளமில்லை. வரலாறு என்றாலே சிங்கப்பூர் ஆற்றங்கரைதான் என்று மாணவர் பலர் எண்ணுவது இதனாலேயே. எனினும் இவ்வூரின் பெயரே ஓர் ஆவணம். தியோச்சியூ மொழியில் 'சுவா' என்பது குடிப்பெயர். 'சூ' என்பது வீடு. 'காங்' என்பது ஆற்றுத்துறை. லிம் சூ காங், இயோ சூ காங் என்பனவும் இவ்வாறு அமைந்தவையே. நம் முன்னோர் துறை என்றும் பாளையம் என்றும் ஊர்களுக்குப் பெயரிட்டதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

19ஆம் நூற்றாண்டில் சீன உழவர்கள் ஆற்றோரக் காடுகளைத் திருத்திக் காம்பியரும் மிளகும் பயிரிட்டனர். தோல் பதனிடவும் சாயமேற்றவும் காம்பியர் பயன்பட்டது. அதன் இலைகளைக் காய்ச்சக் காட்டுமரம் விறகாயிற்று; காய்ச்சி எடுத்த சக்கை மிளகுக்கொடிக்கு உரமாயிற்று. மண் வளமிழந்து விறகும் அருகியபோது உழவர் பலர் ஜொகூருக்குப் பெயர்ந்தனர். பின்னர் அன்னாசி, இரப்பர், கோழிப்பண்ணை என நிலம் உருமாறியது. இறுதியில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1990இல் பெருவிரைவு ரயில் நிலையமும் திறக்கப்பட்டது.

நாட்டில் புதிதாக உடலடக்கம் செய்ய இடமுள்ள ஒரே இடுகாடு இவ்வூர்ப் பெயரையே தாங்கியுள்ளது. 1998ஆம் ஆண்டின் விதிப்படி அங்கும் ஒரு கல்லறைக்கு 15 ஆண்டுகளே காலம். இறந்தோருக்கும் நிலையான இடமில்லாத சிறு தீவில், சென்ற தலைமுறையின் சான்றாக எஞ்சுபவை பெயரும் நினைவுமே.

பெயர் ரயில் நிலையத்தில் தமிழெழுத்திலும் நிற்கிறது. நினைவோ முதியோரிடம் உள்ளது. அதற்கும் காலவரம்பு உண்டு. ஆதலின் ஆசிரியர்களே, அடுத்த கட்டுரைப் பயிற்சிக்கு இதனையே தலைப்பாகத் தாருங்கள்: 'இவ்வீட்டிற்கு வருமுன் எங்கள் குடும்பம் வாழ்ந்த இடம்'. மாணவர்களே, வீட்டிலுள்ள மூத்தோரிடம் கேட்டுத் தமிழில் எழுதுங்கள். பனோப்பியஸுக்கு ஒரு வழிப்போக்கர் செய்ததை நம் ஊருக்கு நாமே செய்வோம்.