உபகாரச் சம்பளம் பெறுவோர் தலைவர்களாக வேண்டும்

1950-களில் கோ. சாரங்கபாணி திரட்டிய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்கு ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தோரில் பால்மரத் தொழிலாளரும் உண்டு. அந்த வெள்ளி மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்களாயிற்று. கொடுத்தவர்களில் பலர் அந்த வாசலை மிதித்ததில்லை.

இன்று நம் பிள்ளைகளில் சிலர் உபகாரச் சம்பளம் பெற்றுப் பல்கலைக்கழகம் போகிறார்கள். கட்டணம் கட்டியதோடு நம் கடமை முடிந்ததா? இல்லை. பட்டம் உத்தியோகம் தரும், தலைமையைத் தராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

ஆகவே நாம் கேட்பது இது: அந்த மாணவர், ஆணாயினும் பெண்ணாயினும், விடுமுறையில் ஒரு மாதம் தோட்டக் கிளையில் பணியாற்றட்டும். கூட்டக் குறிப்பு எழுதட்டும். சந்தாக் கணக்கைச் சரிபார்க்கட்டும். சேமநிதிக் கணக்கைத் தொழிலாளருக்குப் படித்துச் சொல்லட்டும். “சம்பளம் ஏன் குறைந்தது?” என்று ஓர் அம்மா கேட்டால், செக்ரோலைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகட்டும். தெரியாததைத் தெரியாதென்று ஒப்பி, மறுநாள் விசாரித்து வந்து சொல்வதும் தலைமைதான்.

படித்தவர் மீண்டும் பால்வெட்டும் கத்தியைப் பிடிக்க வேண்டாம். வழக்கறிஞராகட்டும், மருத்துவராகட்டும். ஆனால் நிர்வாகத்தின் முன் நம் நியாயத்தைப் பேச ஆள் தேவைப்படும்போது, நம் வாழ்வை அறிந்தவராய் வந்து நிற்க வேண்டும். அதற்கே இந்தப் பணம்.