மாமனார் ஊருக்குப் போகும் பெருமாள்

ஸ்பெயின் தேசத்தைச் சேர்ந்த கனாரித் தீவுகளிலே லா கிராசியோசா என்றொரு சிறு தீவு உண்டு. தார்ச்சாலை காணாத மணல் தெருக்களோடு, மீனவக் குடியிருப்பாகத் தோன்றி வளர்ந்த அந்தத் தீவிலே, ஜூலை 16-ஆம் தேதி கார்மேன் மாதாவின் திருவுருவத்தைப் படகிலேற்றிக் கடலில் உலாக் கொண்டு செல்வார்கள். கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் தங்கள் தெய்வத்தையும் கடலுக்கு அழைப்பது இயற்கையே. ஆனால், நெல்வயல்களின் நடுவே கோயில் கொண்ட தெய்வம் கடற்கரைக்குப் புறப்படுவதும், அதுவும் மாமனார் ஊருக்குப் போகிற உரிமையோடு புறப்படுவதும் நம் நன்னிலத்துக்குக் கிழக்கே உள்ள திருக்கண்ணபுரத்துக்கே வாய்த்த விசேஷம்.

நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றான அத்தலத்தில் உற்சவர் சௌரிராஜப் பெருமாள். ஸ்ரீதேவி, பூதேவி, ஆண்டாள் ஆகியோரோடு, மீனவர் தலைவர் ஒருவரின் மகளாக அவதரித்த பத்மினி நாச்சியாரும் அவர் பக்கத்தில் எழுந்தருளியிருக்கிறார். அந்தச் சம்பந்தத்தை முன்னிட்டு, மாசி மகத்தன்று பெருமாள் திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகையில், பட்டினச்சேரி மீனவர்கள், "மாப்பிள்ளை வந்தார், மாப்பிள்ளை வந்தார்" என்று ஆர்ப்பரித்து எதிர்கொண்டு, சப்பரத்தைத் தம் தோளில் வாங்கிக்கொள்ளும் காட்சியிருக்கிறதே, அதிலே பக்தியோடு கொஞ்சம் பரிகாசமும், சம்பந்திகளுக்கே உரிய ஒரு மிடுக்கும் கலந்திருக்கும். காரைக்கால் நித்தியகல்யாணப் பெருமாள் முதலிய அண்டை ஊர்ப் பெருமாள்களும் அன்று கரைக்கு வருவதுண்டு. எனினும் மாப்பிள்ளை என்னவோ ஒருவர்தான். இன்னொன்றும் சொல்லவேண்டும். திருமலைராயன்பட்டினம் காரைக்கால் பிரதேசத்தைச் சேர்ந்தது. அப்பிரதேசம் 1739 முதல் 1954 நவம்பர் முதல் தேதி வரை பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தமையால், வெகுகாலம் இந்தப் பெருமாளுக்குச் சொந்த ஊர் ஒரு துரைத்தனத்திலும் மாமனார் ஊர் வேறொரு துரைத்தனத்திலுமாக இருந்தன!

இந்த உற்சவத்தைக் கலையாகவே மதிக்கவேண்டும் என்பது என் துணிபு. சம்பா அறுவடை முடிந்து, அறுப்புக்கு முன்பே ஈரம் காயாத வயலில் தெளித்த உளுந்தும் பயறும் நெற்றாளுக்கு இடையே இரண்டிலை விட்டுத் தலைகாட்டும் பருவத்திலே, குடியானவன் கையில் சற்று ஓய்வும் குதிரில் நெல்லும் இருக்கிற வேளை பார்த்து மாசி மகம் வருகிறது. வருஷம் முழுவதும் மீன் கூடைக்காரியிடம் விலை பேரம் பேசுவதோடு நின்றுவிடுகிற வயற்காட்டு ஜனங்களுக்கும் கடற்கரை ஜனங்களுக்கும் இடையே ஒரு நாளேனும் உறவுமுறை வகுத்து, அந்த முறையில் பெண் வீட்டாருக்கே முதல் மரியாதை என்று விதித்தவர் யாரோ, அவர் மனித சுபாவத்தை நன்கறிந்தவர். மறுநாளே பழைய ஏற்றத்தாழ்வுகள் திரும்பிவிடுகின்றன என்பதும் மெய்யே. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

பெருமாளை வீட்டு மனிதராகவே பாவிக்கும் இந்த மனப்பாங்குதான் கோயிலின் அன்றாட வழக்கத்திலும் தெரிகிறது. அரசனுக்குச் செலுத்தவேண்டிய வரிப்பணத்தைக் கைங்கரியத்துக்குச் செலவழித்துச் சிறைப்பட்ட முனையதரையன் என்ற அதிகாரி விடுதலையாகி வந்த இரவில், அவன் மனைவி மானசிகமாக நிவேதித்த பொங்கலைப் பெருமாள் ஏற்றார் என்பது ஐதிகம். இன்றும் அர்த்தஜாமத்தில் நிவேதனமாகும் பொங்கலுக்கு அவன் பெயரே வழங்குகிறது.

மாசி மக உற்சவத்தைப் பற்றிக் குறை ஒன்று சொல்லத்தான் வேண்டும். கடற்கரையில் கட்டும் ஒலிபெருக்கிகள், நாகஸ்வரத்தை மட்டுமா, மீனவர்களின் அந்த ஆர்ப்பரிப்பையும் சேர்த்தல்லவா விழுங்கிவிடுகின்றன! ஆதலால், இவ்வாண்டு போகக் கருதும் அன்பர்கள் கடற்கரைப் பந்தலில் இடம் தேடாமல், சற்று முன்னதாகவே சென்று, பட்டினச்சேரியார் பெருமாளை எதிர்கொள்ளும் இடத்தில் அவர்களோடு கலந்து நிற்பார்களாக.