ஒரே மசாலா, ரெண்டு பாக்கெட்: கோலாலம்பூர் ஹலால் கண்காட்சியில் நாலு நாள்

டி. கல்லுப்பட்டியிலிருந்து பேசுறேன். பின்னாடி பஸ் ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க, ராஜபாளையம் ரோடு அப்படித்தான்.

2024 செப்டம்பர்ல கோலாலம்பூர் போயிட்டு வந்ததை ஒரு எபிசோடுல போற போக்குல சொல்லியிருந்தேன். "கோடு எழுதுற ஆளுக்கு ஹலால் கண்காட்சியில என்ன வேலை?"ன்னு கேட்டு நிறைய வாய்ஸ் நோட் வந்துச்சு. அப்பவே பேசியிருக்கலாம். ஆனா அந்தப் பயணத்தோட ஒரு முடிவு இப்பதான் வீட்டுல ஓடிட்டிருக்கு, அதனால இன்னிக்குப் பேசுறதுதான் சரி.

என் மாமா ஒருத்தர் இங்க மசாலாப் பொடி அரைச்சு விக்கிறாரு. மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி, பிரியாணி மசாலா. வத்தலும் மல்லியும் விருதுநகர் மார்க்கெட்ல எடுப்பாரு. கூட்டாளி ஒரு அண்ணாச்சி. மாமா சரக்கைப் பார்ப்பாரு, அண்ணாச்சி கணக்கைப் பார்ப்பாரு, இருபது வருஷமா சண்டை இல்லாம ஓடுது. சண்டையே இல்லைன்னு சொல்ல முடியாது, தினமும் உண்டு, ஆனா ராத்திரிக்குள்ள முடிஞ்சுரும். மலேசியாவுக்கு அனுப்பலாம்னு ரெண்டு பேருக்கும் ஆசை. நம்ம ஊர்க்காரங்க அங்க அவ்வளவு பேர் இருக்காங்களே. மாமாவுக்கு இங்கிலீஷ் தடுமாறும், எனக்கு வீட்டிலிருந்தே வேலை. "நீயும் வாடா மாப்ள"ன்னு கூப்பிட்டாரு. லீவு போட்டுட்டுக் கிளம்பிட்டேன்.

போனது மிஹாஸ். மலேசியா சர்வதேச ஹலால் கண்காட்சி. 2004-லிருந்து நடக்குது, மலேசிய அரசோட வர்த்தக வளர்ச்சி அமைப்பான மேட்ரேட் நடத்துறது. நாங்க போனது செப்டம்பர் 17-லிருந்து 20 வரை, மிடெக் அரங்குல. போக நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல்: இந்தியர்களுக்கு 30 நாள் வரைக்கும் விசா வேண்டாம்னு 2023 டிசம்பர்ல கொண்டு வந்தாங்க. ஏறுறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல வருகை அட்டை மட்டும் நிரப்பணும். மதுரையிலிருந்து நேரா விமானம் இல்ல. மாட்டுத்தாவணியில பஸ் ஏறி திருச்சி, அங்கிருந்து நாலு மணி நேரம்.

வேலை விஷயமா நான் போற டெக் மாநாடுகள்ல எனக்குன்னு ஒரு நடைமுறை உண்டு. சாப்பாட்டு நேரத்துல நேரா வெஜ் கவுன்டர். சிக்கன் ஹலாலான்னு கேட்டா பரிமாறுற பையனுக்குத் தெரியாது, அவன் சூப்பர்வைசரைக் கூப்பிடுவான், பின்னாடி வரிசை நிக்கும். அந்தச் சங்கடத்துக்குத் தயிர்சாதம் எவ்வளவோ மேல். லுஹர் தொழணும்னா காலி மீட்டிங் ரூம் தேடணும், இல்லைன்னா மாடிப்படி. இதைக் குறையாச் சொல்லல. பழகிப்போச்சு, அவ்வளவுதான். ஆனா மிடெக்ல முதல் நாள் மதியம் நான் வழக்கம்போல ஒரு ஸ்டால்ல நின்னு "இது ஹலாலா?"ன்னு கேட்டுட்டேன். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, தலைக்கு மேல தொங்குற போர்டைக் காட்டினாங்க. மாமா பக்கத்துல நின்னு சிரிக்கிறாரு. சுராவ்னு, அதாவது தொழுகை அறைன்னு, அம்புக்குறி போட்டிருக்கு. யார்கிட்டயும் எதையும் விளக்காம நாலு நாள் வேலை பார்க்கிறது எவ்வளவு லேசா இருக்கும்னு அப்பதான் தெரிஞ்சுது. பயணி ஜும்ஆ தொழுதே ஆகணும்னு கட்டாயம் இல்ல. இருந்தாலும் வெள்ளிக்கிழமை பக்கத்துல இருக்கிற மஸ்ஜித் விலாயாவுக்குப் போனோம். குத்பா மலாய்ல. ஒண்ணும் புரியல, நல்லா இருந்துச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க ஊர்ல ஹலால்னா கறிக்கடை பாய். அவரை அத்தாவுக்குத் தெரியும், அவங்க அத்தாவை எங்க தாத்தாவுக்குத் தெரியும். சுவர்ல எந்தச் சான்றிதழும் இல்ல, யாரும் கேட்டதும் இல்ல. மிஹாஸ்ல ஸ்டால் போட்டிருந்தவங்கள்ல நிறைய பேர் முஸ்லிமே கிடையாது. ஜப்பான்காரங்க, கொரியாக்காரங்க, சீனக் கம்பெனிங்க. உலகத்துலயே அதிகமா ஹலால் கோழி ஏத்துமதி பண்ற நாடு எதுன்னு நினைக்கிறீங்க? பிரேசில். வாங்குறவன் ஒரு கண்டத்துல, விக்கிறவன் இன்னொரு கண்டத்துல. நடுவுல தாத்தாவுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. அந்த இடத்தை நிரப்பத்தான் காகிதம்.

ரெண்டாம் நாள் ஒரு பெரிய கடைக்குக் கொள்முதல் பார்க்கிறவர்கிட்ட உட்கார்ந்தோம். பினாங்கு ஆள், பூர்வீகம் கடையநல்லூர், தமிழ்லயே பேசினாரு. மாமா பிரியாணி மசாலாவை எடுத்து நீட்டுறாரு. அவர் மோந்துகூடப் பார்க்கல. "ருசி அப்புறம் பார்ப்போம் தம்பி. இதுக்குள்ள என்னென்ன போகுது, ஒவ்வொண்ணும் எங்கேருந்து வருது, லிஸ்ட் இருக்கா?" மாமாவுக்குக் கொஞ்சம் ரோஷம். "மொளகா, மல்லி, பட்ட, கிராம்பு... இதுல ஹராமாக என்னங்க இருக்கு?" அவர் பொறுமையா ஒவ்வொண்ணாக் கேட்டாரு. நெய் வாசனைக்கு எஸன்ஸ் போடுறீங்களா? அது எந்தக் கரைப்பான்ல கரைச்சது, ஆல்கஹாலா? பொடி கட்டிப் பிடிக்காம இருக்க என்ன சேர்க்கிறீங்க? மெஷினைத் துடைக்கிற பிரஷ் எது?

பிரஷ்! மாமா என்னைத் திரும்பிப் பார்த்தாரு. பன்றி முடியில செய்யுற பிரஷ் உலகம் பூரா சாதாரணமாப் புழங்குது. 2017 பிப்ரவரியில மலேசிய அதிகாரிங்க கடைகள்ல புகுந்து, எந்த மிருகத்து முடின்னு லேபிள் இல்லாத பிரஷ்கள் 2,000-க்கு மேல பறிமுதல் பண்ணியிருக்காங்க. எங்க மில்லுல இருக்கிற பிரஷ் மதுரையில எந்தக் கடையிலயோ வாங்கினது. எதுல செஞ்சதுன்னு யாருக்குத் தெரியும்?

இந்த இடத்துலதான் எனக்கு என் வேலை ஞாபகம் வந்துச்சு. 2021 டிசம்பர்ல லாக்4ஜே பிரச்சினை வந்தப்ப எங்க டீம்ல யாரும் தூங்கல. நாங்க அந்த லைப்ரரியை நேரடியாப் போடவே இல்ல. நாங்க போட்ட ஏதோ ஒண்ணு இன்னொண்ணைக் கூப்பிட, அது இதைக் கூப்பிட்டிருக்கு. நாலு படி கீழ என்ன இருக்குன்னு தெரியாம மேல கட்டடம் கட்டியிருக்கோம். ஹலால் தணிக்கையும் அப்படியேதான். இந்தோனேசியாவுல 2001 தொடக்கத்துல அஜினோமோட்டோ விவகாரம் நடந்துச்சே, அது சுத்தமா டிபென்டென்சி பிரச்சினை. பாக்கெட்டுல இருக்கிற உப்புல பன்றி இல்ல. அந்த உப்பைத் தயாரிக்க உதவுற பாக்டீரியாவை வளர்க்கிற ஊடகம் இருக்குல்ல, அதைச் செய்யும்போது பன்றியிலிருந்து எடுத்த நொதியைப் பயன்படுத்தியிருக்காங்க. உலமா சபை ஹராம்னு சொன்னுச்சு, ஜனாதிபதி அப்துர்ரஹ்மான் வாஹித் ஹலால்தான்னாரு. கடைசியில ஆயிரக்கணக்கான டன் சரக்கைத் திரும்ப எடுத்தாங்க. மார்க்க ரீதியா யார் சரிங்கிற விவாதத்துக்கு நான் வரல, அது என் இடம் இல்ல. ஆனா "நாலு படி கீழ என்ன இருக்கு?"ன்னு கேட்கிறவங்களை வெறும் சடங்குக்காரங்கன்னு இனிமே என்னால நினைக்க முடியாது.

மலேசியாவுல சட்டமும் தெளிவா இருக்கு. 2012-லிருந்து, பொருள் மேல ஹலால்னு போடணும்னா ஜாகிம் என்கிற அரசுத் துறையோ மாநில மத சபைகளோ சான்று கொடுத்திருக்கணும். வெளிநாட்டுச் சரக்குன்னா, ஜாகிம் அங்கீகரிச்ச வெளிநாட்டு அமைப்போட சான்று வேணும். இந்தியாவிலிருந்தும் சில அமைப்புகள் அந்தப் பட்டியல்ல உண்டு. சான்று இல்லாம உள்ள வரவே கூடாதுன்னு இல்ல, "ஹலால்"னு சொல்லிக்க முடியாது. ஆனா பெரிய கடைங்க வாங்கணுமே.

அதே மாசம் அந்த ஊர்ல வேற ஒரு வாக்குவாதம் சூடா ஓடிட்டிருந்துச்சு. பன்றியும் மதுவும் விக்காத சாப்பாட்டுக் கடைகள் எல்லாத்துக்கும் சான்றிதழைக் கட்டாயமாக்கலாமான்னு. ராத்திரி ஒரு மாமாக் கடையில, அதாவது நம்ம தமிழ் முஸ்லிம்கள் நடத்துற கடையில, நாசி கண்டார் சாப்பிட்டோம். ஜாகிம் முத்திரை இருக்கான்னு நான் சுவரைப் பார்த்தேன். இல்ல. கல்லாவுல இருந்த பெரியவர் ராமநாதபுரம் பக்கம். "முத்திரை எதுக்கு தம்பி, இவங்களுக்கு என்னைத் தெரியும்லா"ன்னாரு. கல்லுப்பட்டிக் கறிக்கடை பாய் சொல்ற அதே பதில்!

ஊர் திரும்பி ஒரு சான்றளிக்கிற நிறுவனத்துகிட்ட செலவு கேட்டோம். தணிக்கைக் கட்டணம், வர்றவங்க பயணச் செலவு, வருஷா வருஷம் புதுப்பிக்கிறது. மாமா போனை வச்சுட்டு ரெண்டு நாள் பேசல. பெரிய கம்பெனிக்கு இது தூசு. வாரத்துக்கு நாலு நாள் மெஷின் ஓடுற இடத்துக்கு அப்படி இல்ல. யார்கிட்ட ஹலால் இருக்குங்கிறதைவிட யாரால நிரூபிக்க முடியுதுங்கிறதுதான் சந்தையில எண்ணப்படுது. இது எனக்கு உறுத்துது. இருந்தும் அண்ணாச்சி கணக்குப் போட்டு "பண்ணிருவோம்"னுட்டாரு. பிரஷ் எல்லாம் நைலானுக்கு மாறிருச்சு. எஸன்ஸை நிறுத்திட்டோம். எந்த மூட்டை எந்த வியாபாரிகிட்ட எந்தத் தேதியில வந்துச்சுன்னு எழுத நான் ஒரு சின்ன ஆப் செஞ்சு கொடுத்தேன். அண்ணாச்சி அதைத் தொடவே இல்ல, நோட்டுலதான் எழுதுறாரு. தணிக்கைக்கு வந்தவர் நோட்டைத்தான் பாராட்டினாரு.

சான்றிதழ் வந்துருச்சு. இப்ப மிச்சம் இருக்கிற கேள்வி, முத்திரையை எந்தப் பாக்கெட்டுல அடிக்கிறது?

அண்ணாச்சி சொல்றாரு: காசு கொடுத்து வாங்கினது, எல்லாப் பாக்கெட்டுலயும் போடுவோம். மாமா வேண்டாங்கிறாரு. மலேசியா பாக்கெட்டுல மட்டும் போதும், மதுரைக் கடைக்குப் போறதுல வேண்டாம். ஆமா, நீங்க சரியாத்தான் கேட்டீங்க. போடலாம்னு சொல்றது அண்ணாச்சி, வேண்டாம்னு சொல்றது என் மாமா.

மாமா பயப்படுறது சும்மா இல்ல. 2023 நவம்பர் 18-ந் தேதி உத்தரப் பிரதேசத்துல ஹலால் சான்று போட்ட பொருள்களைத் தயாரிக்கவோ விக்கவோ கூடாதுன்னு அரசு உத்தரவு வந்துச்சு. அதுலயே ஒரு விலக்கு: ஏத்துமதிக்குன்னா பண்ணலாம். அதே நேரத்துல மத்திய அரசு, ஏத்துமதி ஆகுற இறைச்சிக்கு முறையான ஹலால் சான்றுத் திட்டம் ஒண்ணை உருவாக்கி, 2024 அக்டோபர்ல அமலுக்குக் கொண்டு வந்துச்சு. வெளிநாட்டுக்காரனுக்குத் தரம், உள்ளூர்ல தடை. தமிழ்நாட்டுல அப்படி எதுவும் இல்ல, சொல்லிடறேன். ஆனா மாமா வாட்ஸ்அப் பார்க்கிறவரு.

இலங்கை நேயர்களுக்கு இது புதுசா இருக்காது. அங்க பொதுபல சேனா கிளப்பின எதிர்ப்புக்கு அப்புறம், 2013 மார்ச்சுல அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா உள்நாட்டுப் பொருள்கள்ல ஹலால் முத்திரையை விட்டுக்கொடுத்துச்சு. ஏத்துமதிக்கு மட்டும் வச்சுக்கிட்டாங்க. பிறகு அந்தப் பொறுப்பு தனியா ஒரு அமைப்புக்குப் போச்சு. கண்காட்சியில காபி குடிக்கும்போது கொழும்புக்காரர் ஒருத்தர் சொன்னாரு: "முத்திரை போன அன்னிக்கு பிஸ்கட் மாறல்ல தம்பி. ஆனா கடையில பாக்கெட்டைத் திருப்பிப் பாக்க எங்களுக்கு வெக்கமா இருந்திச்சி."

எனக்கு அண்ணாச்சி பக்கம்தான் மனசு போகுது. நம்ம ஊர்லயே தயாராகி, நம்ம ஊர்ல மட்டும் மறைச்சு விக்கிறது என்ன நியாயம்? ஆனா கடை வாசல்ல நின்னு பதில் சொல்லப் போறது நான் இல்ல, மாமா. எனக்கு லேப்டாப்பை மூடுனா முடிஞ்சுது. அதனால வீட்டுல என் கருத்தைச் சொன்னேன், அழுத்தல.

இப்போதைக்கு ரெண்டு டிசைனும் ரெடியா இருக்கு. பாக்கெட் அடிக்கிற இடத்துல கேட்டா, டிசைன் ரெண்டுன்னா சிலிண்டர் செலவும் ரெட்டிப்புங்கிறாங்க. அண்ணாச்சி அந்தக் கொட்டேஷனைக் கையில வச்சுக்கிட்டு மாமாவை விடமாட்டேங்கிறாரு. வியாழக்கிழமைக்குள்ள ஆர்டர் கொடுக்கணும். நேயர்கள்ல யாராவது உணவுப் பொருள் ஏத்துமதி பண்றீங்கன்னா, நீங்க ஒரு பாக்கெட்டா, ரெண்டு பாக்கெட்டான்னு புதன்கிழமைக்குள்ள ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. மாமாவுக்கும் அண்ணாச்சிக்கும் போட்டுக் காட்டுறேன்.