தவளைக்கென்று ஓர் எதிர்ப்பொருள்
(ஆதரவாளர் கூட்டத்தில் பேசியதிலிருந்து)



எங்கள் பரிசோதனைக் கூடத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை அட்டையைக் காட்டுவதுண்டு. சில சொட்டு சிறுநீர், சில நிமிடங்கள், இரண்டு கோடுகள். ஒரு காலத்தில் இந்த வேலையைச் செய்தது தவளை என்று சொன்னால் சிரிக்கிறார்கள். 1930-களில் தொடங்கி, தென்னாப்பிரிக்காவின் ஸெனோபஸ் என்னும் தவளைக்குப் பெண்ணின் சிறுநீரை ஊசிமூலம் செலுத்துவார்கள். அவள் கர்ப்பவதியானால் தவளை ஒரு நாளுக்குள் பெரும்பாலும் முட்டையிட்டுவிடும். 1960-ல் எதிர்ப்பொருளைக் கொண்டு சோதிக்கும் முறை வந்தது. தவளைக்கும் மெல்ல ஓய்வு கிடைத்தது.

முழு ஓய்வு அல்ல. கருவில் உறுப்புகள் உருவாகும் விதத்தை அறிய ஆய்வாளர்கள் இன்றும் அதே தவளையை வளர்க்கிறார்கள். முட்டை தாய்க்கு வெளியே, தண்ணீரிலேயே வளர்வதால் அருகிருந்து பார்க்கலாம். ஆனால் எந்த உயிரணு தசையாகிறது, எது முதுகுநாண் ஆகிறது என்பது வெறும் பார்வைக்குப் புலப்படாது. அந்தந்தப் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைச் செலுத்தி, அதற்கு நிறமேற்றினால்தான் தெரியும்.

சிக்கல் இங்கேதான். விற்பனையில் உள்ளவற்றில் பெரும்பாலானவை மனிதன், எலி ஆகியவற்றின் புரதங்களுக்காகச் செய்யப்பட்டவை. தவளையின் புரதம் சற்று வேறுபட்டிருக்கும். எதிர்ப்பொருள் பற்றாமல் போனாலாவது தெரிந்துவிடும். வேறொன்றைப் பற்றிக்கொண்டு நிறம் காட்டினால், பல ஆண்டு உழைப்பு தவறான முடிவில் போய் நிற்கும்.

ஆகையால் தவளைக்கென்றே தயாரிக்கிறார்கள். தவளைப் புரதத்தைச் சில வாரங்கள் இடைவிட்டு ஒரு சுண்டெலிக்குச் செலுத்துவார்கள். பிறகு அதன் மண்ணீரல் உயிரணுக்களை, ஓயாமல் பெருகும் புற்றுநோய் உயிரணுக்களோடு இணைப்பார்கள். இது 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்ட வழி. 1984-ல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இணைந்தவற்றைப் பிரித்து வளர்த்து, ஒவ்வொன்றையும் தவளைக் கருவில் சோதிக்க வேண்டும். பெரும்பாலானவை உதவாது.

இதில் சுண்டெலி கொல்லப்படுகிறது. அதை உங்களிடம் மறைக்க எங்களுக்கு மனமில்லை. நல்ல உயிரணு வரிசை ஒன்று கிடைத்துவிட்டால், அதை உறையவைத்துப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். மறுபடி வேறு எலி தேவையில்லை.

வாங்குவோர் சிலரே என்பதால் கம்பெனிகளுக்கு இதில் ஆதாயம் குறைவு. 1986-ல் தொடங்கி, இப்போது அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஹைப்ரிடோமா வங்கி அந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. பலர் உருவாக்கிய வரிசைகளை அது காத்து, லாபம் கருதாமல் அனுப்பிவைக்கிறது. அங்கே '12/101' என்று ஒன்று உண்டு (பெயர் சூட்ட யாருக்கும் நேரமில்லை போலும்!). தவளைக்கு உறவான, வாலுள்ள நியூட் என்ற பிராணிக்காகச் செய்தது அது. தவளையின் தசையையும் பிசகாமல் காட்டுகிறது.